இஸ்திரிக்காரரின் கட்டைவிரல்

இஸ்திரிக்காரருக்குச் சூடு உறைக்காது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அடுப்பிலிருந்து இறக்கிய டீயை ஊதாமல் குடிப்பார். பெட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பதெல்லாம் மற்றவர்கள் செய்கிற வேலை. அவர் நடுவிரல் நுனியைப் பெட்டியின் அடியில் ஒரு கணம் வைத்து எடுத்து, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். "இந்த மனுஷனுக்குத் தொண்டையும் தகரம், தோலும் தகரம்" என்று துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி சொல்வாள். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு அவரும் சிரிப்பார். முப்பத்தொரு வருஷத் தொழிலில் அவர் வாயிலிருந்து "சுடுது" என்ற ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரிப் போயிருக்கும்.

வீட்டின் முன்னறைதான் கடை. அகலமான ஜன்னல், அதை ஒட்டி நீள மேசை, மேசைமேல் மூன்றாக மடித்த பழைய கம்பளி, அதற்குமேல் ஒரு வெள்ளைத் துணி. பின்னறையில் படுக்கை, சமையல், மகளின் படிப்பு எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். தேய்ப்பது அவர் பொறுப்பு. துணி வாங்குவது, பிரிப்பது, மூட்டை கட்டுவது, வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது மனைவியின் பாடு. ஒரே மகள். பத்தொன்பது வயதாகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான். வடிவமைப்புக் கல்லூரியில் முதல் வருஷம். அது என்ன படிப்பு என்று யாராவது கேட்டால், "என்ஜினியர் மாதிரிதான், ஆனா என்ஜினியர் இல்ல" என்பாள் அம்மா. அதற்குமேல் அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தேவையில்லை.

பாப்பாவை அந்த வருஷம் படாத பாடு படுத்தியது முப்பரிமாண வடிவமைப்பு வகுப்பு. தாளில் வரையச் சொன்னால் அவள் கெட்டிக்காரி. வரைந்ததைக் கையால் செய்து நிற்க வைக்கச் சொன்னால்தான் திண்டாட்டம். முதல் வேலை, ஒரே கம்பியை எங்கும் வெட்டாமல் வளைத்து ஒரு மிருகம் செய்வது. அவளுடைய பூனை மேசையில் வைத்ததும் சாய்ந்து படுத்துக்கொண்டது. "தூங்கற பூனையா?" என்றார் ஆசிரியர். இரண்டாவது, பசை இல்லாமல் அட்டையை மடித்துச் செருகி, ஒரு செங்கல்லைத் தாங்கும் மேடை. அவளுடைய மேடை நாலு விநாடி தாங்கியது. ஐந்தாவது விநாடி செங்கல் ஆசிரியரின் செருப்பின்மேல் இருந்தது. இரண்டிலும் அவள் தேறவில்லை. மூன்றாவதும் போனால் இரண்டாம் வருஷம் கிடையாது, மறுபடி முதலிலிருந்துதான். வீட்டில் இதைப்பற்றி அவள் மூச்சு விடவில்லை. "எல்லாம் நல்லாப் போகுது" என்றே சொல்லிவந்தாள். சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிற குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராயத் தேவையில்லை.

மூன்றாவது வேலை இது: வேலை செய்கிற ஒரு கையை, அது பிடித்திருக்கும் பொருளோடு சேர்த்துப் பிளாஸ்டரில் பதித்து, அந்தப் பிடியின் வடிவத்தை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வரைபடம். கட்டிக்குள்ளே எந்த விரல் எங்கே இருக்கும், வெளி ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் காட்ட வேண்டும். பத்து நாள் மேசையோரம் உட்கார்ந்து அப்பாவின் வலது கையை வரைந்தாள். "என் கையில என்ன இருக்குன்னு இப்படிப் பாக்கறே?" என்று அவர் கூச்சப்பட்டார். ஆனாலும் விரலை அளக்க வந்தபோதெல்லாம் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிவப்புப் பென்சில். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் அந்த வரைபடத்தைப் பார்த்ததும் பென்சிலை எடுத்தார்.

"கட்டைவிரல் தப்பு."

"எது சார்?"

"கைப்பிடியைப் பிடிச்சா கட்டைவிரல் முன்னால வந்து மத்த விரல்களை மூடும். நீ பக்கவாட்டில நீட்டி விட்டிருக்கே."

"எங்கப்பா அப்படித்தான் சார் பிடிப்பார். காலர் முனையை அழுத்தறதுக்கு."

"உன் கையில ஒரு பிடியைப் பிடிச்சுப் பாரு. பாக்கறதை வரையணும், நினைக்கறதை இல்ல." அவள் வரைந்த விரலின்மேல் ஒரு கோடு அடித்து, நாலு விரல்களையும் மூடினாற்போல ஒரு சிவப்புக் கட்டைவிரல் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து பார்த்தாள். அப்பாவின் கட்டைவிரல் கைப்பிடியின் பக்கத்தோடு ஒட்டி, பெட்டியின் மூக்கைப் பார்த்து நேராக நீண்டிருந்தது. மறுநாள் பார்த்தபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிவப்புக் கோடு விழுந்தபிறகு நம் கண்ணை நாமே நம்புவது லேசில்லை.

அந்த ஞாயிறோடு ஐந்து நாளாக மழை. யார் வீட்டிலும் துணி காயவில்லை. அரை ஈரத்தோடு வந்து குவிந்த மூட்டைகள் மேசைக்கு அடியிலும் நாற்காலியிலும் ஏறி உட்கார்ந்திருந்தன. திங்கள் காலை வேலையைக் கொடுத்தாக வேண்டும். வகுப்பில் தோழியின் கையை வைத்து அவள் இரண்டு தடவை முயன்றாள். இரண்டு தடவையும் தோழி அசைந்து, விரலெல்லாம் மங்கலாக வந்தது. கல்லூரியில் கொடுத்த மாவு அதோடு தீர்ந்தது. வீடுகளுக்கு உட்கூரை போடும் தொழில் செய்கிற மாமா, அம்மாவின் தம்பி, தன் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டர் மாவை ஒரு பையில் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு தடவைக்குத்தான் காணும்.

கையைப் பாதி பாதியாகத்தான் பதிக்க வேண்டும், பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், வெதுவெதுப்புத் தட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பாதி பாதியாக எடுத்தால் இரண்டும் பொருந்துவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வாளியில் முழுக்கையையும் ஒரே தடவையில் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தாள். மழை நாளில் அப்பாவுக்கு விரல் மூட்டுகள் வலிக்கும் என்பதால் அடுப்பில் வெந்நீர் வைத்து, அதில் மாவைக் கரைத்தாள். அவர்மேல் இருந்த அக்கறையில் செய்த காரியம், அதுவே வினையாயிற்று. வெந்நீரில் பிளாஸ்டர் இரண்டு பங்கு வேகத்தில் இறுகும். இறுகும்போது தானாகவே கொதிக்கவும் செய்யும்.

பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய மரக் கைப்பிடியை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் விரலெல்லாம் வாசலின் தடவிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி, பழைய பிளாஸ்டிக் பெயிண்ட் வாளிக்குள் மணிக்கட்டுவரை இறக்கினார்.

"எவ்வளவு நேரம் பாப்பா?"

"பதினஞ்சு நிமிஷம். அசையக் கூடாதுப்பா. அசைஞ்சா மங்கிடும். வேற மாவு கிடையாது."

"அசையல. நீ கவலைப்படாதே."

"இந்த மழையில அவ்வளவு மூட்டையையும் போட்டுட்டு, அப்பனும் மகளும் வாளியில கையை விட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்று அம்மா ஒரு சட்டையை உதறினாள். "அந்தக் கோடி வீட்டுக்காரம்மா வந்து நின்னா நான் என்ன சொல்றது?"

"கை வேலையா இருக்குன்னு சொல்லு" என்றார் அவர்.

பாப்பா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிஷம். மறுபடி பார்த்தபோது ஐந்து. மாவு தயிர்போல உறைந்து, மேலே பளபளப்புப் போயிருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்தத் தடவை வந்துவிடும். அப்பா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிமிஷத்தில் வாளியைச் சரியாக நகர்த்தலாம் என்று தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். வாளி சுட்டது. வெதுவெதுப்பில்லை, டீ டம்ளர்போலச் சுட்டது. நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குளிரில் அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"அப்பா, சுடுதா?"

"லேசா."

"லேசான்னா?"

"அது அப்படித்தானே இருக்கும்? நீ பதினஞ்சுன்னியே."

அம்மா சட்டையைப் போட்டுவிட்டு வந்தாள். வாளியைத் தொட்டாள். "ஐயோ, கொதிக்குது. எடுங்க கையை."

அவர் இழுத்தார். தோள் அசைந்தது, வாளி அசைந்தது, கை வரவில்லை. கைப்பிடியைப் பற்றிய முஷ்டி உள்ளே பெரிதாகவும் மணிக்கட்டு சிறிதாகவும் இருந்தது. கைப்பிடியை விடவும் வழியில்லை, விரலைச் சுற்றி எல்லாம் கல்லாகிவிட்டிருந்தது. பாப்பா இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை இழுங்கப்பா" என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா கத்தரிக்கோலால் வாளியின் விளிம்பைக் கத்தரித்து, கிழித்து, உரித்து எடுத்தாள். உள்ளே பூசணிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி, அதிலிருந்து முளைத்ததுபோல அவர் கை. கட்டியைச் சுற்றி ஆவி பறந்தது. பாப்பா மாமாவுக்குப் போன் போட்டு, அம்மாவின் காதில் வைக்காமல் தானே பேசினாள்.

"மாமா, அப்பா கை பிளாஸ்டருக்குள்ள மாட்டிக்கிச்சு. கொதிக்குது."

"முழுசாவா? எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பன்னெண்டு. வெந்நீர்ல கரைச்சிட்டேன்."

"பாப்பா, அது இன்னும் ஏறும். இப்ப இருக்கறது பாதிதான். சுத்தியலால ஓங்கி அடிச்சிடாதீங்க, உள்ள எலும்பு உடைஞ்சிடும். நான் கிளம்பறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரோடெல்லாம் தண்ணி. அரை மணி ஆகும்."

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே அரை மணி. அம்மா குடத்தோடு தண்ணீரைக் கட்டியின்மேல் ஊற்றினாள். தண்ணீர் பாலாக ஓடி, பிரித்துவைத்த துணிகளின் அடியில் புகுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மேலே குளிர்ந்தது, உள்ளே குளிரவில்லை என்பது அவர் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அம்மா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சொன்னா மட்டும் வெளிய வந்துடுமா? நீ தண்ணி ஊத்து."

வகுப்பில் அச்சுக்கட்டியைத் திறக்கிற முறை பாப்பாவுக்குத் தெரியும். முன்பக்கம் ஒரு பள்ளம், பின்பக்கம் ஒரு பள்ளம், நேருக்கு நேராக வாளால் அறுக்க வேண்டும். பள்ளத்தில் உளியைச் செருகி மெல்லத் தட்டினால் அந்தக் கோட்டோடு இரண்டாகப் பிளக்கும். கல்லூரிக் கருவிப் பெட்டியைக் கவிழ்த்து இரும்பு வாளையும் உளியையும் எடுத்தாள். வரைபடத்தை விரித்தாள். அதில் இரண்டு கட்டைவிரல்கள் இருந்தன. பக்கவாட்டில் அவள் வரைந்தது, முன்புறம் மற்ற விரல்களை மூடிக்கொண்டு சிவப்பில் ஒன்று.

அவளுடையது சரியென்றால் முன்பக்கம் ஆழமாக அறுக்கலாம், இரண்டு சென்டிமீட்டர்வரை ஒன்றுமில்லை. சிவப்பு சரியென்றால் வாள் நேராகக் கட்டைவிரலின்மேல் இறங்கும்.

"அப்பா, கட்டைவிரல் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? கையிலதான்."

"விளையாடாதீங்கப்பா. நீட்டியிருக்கா, மடக்கியிருக்கா?"

அவர் யோசித்தார். "தெரியல பாப்பா. மரத்துப்போச்சு. எப்பவும் பிடிக்கற மாதிரிதான் பிடிச்சேன்."

"எப்பவும் எப்படிப் பிடிப்பீங்க?"

முப்பத்தொரு வருஷமாகப் பிடித்த மனிதர் திகைத்துப்போனார். தினமும் செய்கிற வேலையைக் கை செய்கிறது, நாம் பார்ப்பதில்லை. இடது கையை நீட்டி, மேசையிலிருந்த பெட்டியைப் பற்றிக் காட்டினார். கட்டைவிரல் முன்னால் வந்து நாலு விரல்களையும் மூடியது.

"பாத்தியா, மடக்கித்தான் இருக்கு" என்றாள் அம்மா. "முன்னால அறுக்காதே. பக்கத்துல அறு."

பாப்பா வாளைப் பக்கவாட்டில் வைத்தாள். ஆசிரியரும் அதையே சொல்லியிருக்கிறார், அப்பாவே காட்டுகிறார், அம்மாவும் சொல்கிறாள். ஆனால் அவள் வரைந்தது சரியென்றால் கட்டைவிரல் அங்கேதான் இருக்கும். பிறகு அப்பாவின் இடது கையை மறுபடி பார்த்தாள். அது பெட்டியைப் புதிதாகப் பிடிக்கிறவன் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தது. அந்தக் கை ஒரு நாள்கூடத் தேய்த்ததில்லை. பத்து நாள் அவள் உட்கார்ந்து பார்த்தது இந்தக் கையை அல்ல.

"இடது கைக்கு என்னம்மா தெரியும்?" என்றாள். வாளை முன்பக்கம் வைத்து இழுத்தாள்.

"பாப்பா, விரல் போயிடும்."

"தண்ணி ஊத்தும்மா. நிறுத்தாதே."

ஈரக் கட்டி சீக்கிரம் அறுபட்டது. அரை சென்டிமீட்டர், ஒன்று. வகுப்பு வேலைக்காக வாளில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு முன்பே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தாள், அது பள்ளத்தின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைக் குழம்பு வழிந்தது. அது சிவப்பாக மாறுகிறதா என்பதையே கண்கொட்டாமல் பார்த்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் வெளுத்திருந்தது. அம்மா ஊற்றிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள், வேண்டுதலா திட்டா என்று தெரியவில்லை. இரண்டாவது சென்டிமீட்டரில் வாளை நிறுத்தினாள். குழம்பு வெள்ளையாகவே இருந்தது.

பின்பக்கத்தைத் தயங்காமல் அறுத்தாள். உளியைச் செருகி, சுத்தியலால் ஒன்று, இரண்டு, மூன்று தட்டினாள். நாலாவது தட்டுக்குக் கட்டி முனகி, மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடி, இரண்டாக வாய் பிளந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கை வெளியே வந்தது. விரல் நுனிகள் வெளுத்து, புறங்கை செக்கச்செவேலென்று வீங்கி, ஆங்காங்கே கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. கைப்பிடி தரையில் விழுந்து உருண்டது. விழுந்த பிறகும் அந்தக் கை எதையோ பிடித்தபடியே இருந்தது. கட்டைவிரல் நேராக நீண்டிருந்தது.

பாப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள்.

மாமா வந்து அழைத்துப்போன ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப்போட்டு, மூன்று வாரத்துக்குக் கையை நனைக்கவே கூடாது என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா ரெண்டு விரலாவது போயிருக்கும். அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" இஸ்திரிக்காரர் கூரையைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அந்த இரண்டு துண்டுகளையும் குப்பையில் போடத் தூக்கினாள் அம்மா. "வெச்சிடு அதை" என்றார் அவர். "நான் வெந்தது வீணாப் போகக் கூடாது. பாப்பா, கொண்டு போ." அதற்கு அம்மா சொன்ன பதிலை எழுத முடியாது. பாப்பாவுக்குப் போக மனசில்லை. ஆனால் மூன்று வாரம் அந்தக் கை தேய்க்கப்போவதில்லை என்ற நினைப்பு, போகாமலிருக்கவும் விடவில்லை.

சிவப்புப் பென்சில் துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்குழிவில் கட்டைவிரல் நேராக நீண்டு கிடந்தது. அவர் வரைபடத்தை வாங்கி, அழிப்பானை எடுத்து, தான் போட்ட விரலைத் தேய்த்தார். முழுதும் அழியவில்லை, ரோஜா நிறத்தில் ஒரு தடம் நின்றது.

"நீ வரைஞ்சதுதான் சரி" என்றார். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ரேகைகூட விழுந்திருக்கே. பழைய சூட்டுத் தழும்பு, நகக்கண், எல்லாம். இத்தனை வருஷத்துல யாரும் இவ்வளவு சுத்தமா எடுத்ததில்ல. எப்படியும் கொஞ்சம் அசைஞ்சிடுவாங்க, மங்கிடும். உங்கப்பா துளிகூட அசையலையே."

வகுப்பு எட்டிப் பார்த்தது. பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பாராட்டை அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு ரேகையும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்த ஒவ்வொரு நிமிஷம். நடந்ததைச் சொன்னாள். ஆசிரியர் துண்டுகளை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"கை எப்படியிருக்கு இப்ப?" என்றார். மதிப்பெண்ணை அதற்குப் பிறகுதான் போட்டார். தேறியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலரை மூன்று தடவை திருத்தி, அதைச் சபித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூட்டைகளுக்கு நடுவே, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தேறிட்டேன்ப்பா."

"தெரியும்."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எப்பப்பா சுட ஆரம்பிச்சுது?"

"விடு பாப்பா. ஆனது ஆச்சு."

"சொல்லுங்க."

"நீ ரெண்டாவது தடவை கடிகாரத்தைப் பாத்தியே, அப்ப."

ஐந்தாவது நிமிஷம். தயிராக இருந்த நேரம். "அப்பச் சொல்லியிருந்தா கை உருவிக்கிட்டு வந்திருக்கும்ப்பா. சும்மா வந்திருக்கும்."

"வந்திருக்கும். மாவு போயிருக்குமே."

"போனா போகட்டும்."

"எப்படிப் போகட்டும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் கூடப் படிக்கற பொண்ணு வீட்டுத் துணி இங்கதானே வருது. உங்கம்மா வெளிய போயிருந்தப்ப அவங்கம்மா வந்து எல்லாம் சொல்லிட்டாங்க. பூனை சாஞ்சது, செங்கல் விழுந்தது, இதுவும் போனா ஒரு வருஷம் போச்சுங்கறது. நீ சொல்லல, நானும் கேக்கல."

மேசையில் பெட்டி நின்றது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. திட்டப்போகிறாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் பின்னறைக்குப் போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் பலமாகக் கேட்டது. பாப்பா அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தடவினார். பழக்கமில்லாத கை, காதை இடித்தது.

அம்மா டீயோடு வந்தாள். எப்போதும்போல அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே அவர் இடது கையில் டம்ளரைத் திணித்துவிட்டு மேசைக்குப் போனாள். அவர் டம்ளரை வாய்வரை கொண்டுபோனார். மகளைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சுடுது" என்றார்.

அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு வந்து, டம்ளரை எடுத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊதி ஊதி ஆற்றத் தொடங்கினாள்.